நிதி அண்ணாச்சிக்கு வந்த டெல்லிக் கடிதம்

நாடாளுமன்றத்தில் வாசிப்பதற்கு முன்பே பட்ஜெட்டைக் கணித்துவிடும் ஆற்றல் இந்தியாவில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் டெல்லியில் இல்லை. தென்காசியில், குற்றாலம் ரோட்டில் அல்வா கிண்டிக்கொண்டிருக்கிறார்.

அப்பா அம்மா அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ தெரியாது. ஊருக்கு அவர் நிதி அண்ணாச்சி. அவர் கடைக்கு மாடியில் இருந்த ஆடிட்டர் ஆபீசில் நான் அப்போது வேலை பார்த்தேன். கீழே நெய் மணக்கும்போது மேலே உட்கார்ந்து வரிக் கணக்கு பார்ப்பது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

பட்ஜெட்டுக்குச் சில நாள் முன்னால் டெல்லியில் ஒரு சடங்கு நடக்கும். பெரிய சட்டி நிறைய அல்வா செய்து வைத்து, நிதியமைச்சரே கரண்டியைப் பிடித்து ஒரு கிண்டு கிண்டி ஊழியர்களுக்குப் பரிமாறுவார். அதன்பிறகு பட்ஜெட் வேலை பார்ப்பவர்கள் உரை வாசித்து முடியும்வரை கட்டிடத்தை விட்டு வெளியே வரக்கூடாது. ரகசியம் கசிந்துவிடுமாம். நமக்கு அது டி.வி.யில் அரை நிமிடச் செய்தி. அண்ணாச்சிக்கு அது நாட்டின் ஜாதகம்.

“பாத்தியாலே, சட்டிக்குக் கீழ தீயே இல்ல. தீ இல்லாம என்னத்தக் கிண்டுதாக?”

“ஏற்கெனவே செஞ்சு வச்சிருப்பாங்க அண்ணாச்சி. இது சும்மா போட்டோவுக்கு.”

“போட்டோவுக்குக் கிண்டுனா பட்ஜெட்டும் போட்டோவுக்குத்தாம்லா இருக்கும்? அது போவட்டும், அது அல்வாவாடே? ரவையில சீனியப் போட்டுக் கிண்டுனா அதுக்குப் பேரு கேசரி. சட்டிக்கு எதுக்குலே ரிப்பன் கெட்டிருக்கான்?”

கரண்டி ஓரத்திலேயே சுற்றினால் விவசாயிக்கு ஒன்றும் கிடையாது. அடிவரைக்கும் போனால் மாதச் சம்பளக்காரனுக்குச் சலுகை உண்டு. இப்படி அவர் சொல்வதெல்லாம், எங்கள் ஆடிட்டர் மூன்று ஆங்கிலப் பேப்பர் படித்துவிட்டுச் சொல்வதைவிட அதிகமாகப் பலித்தது. அந்தக் கடுப்பில் ஆடிட்டர் அல்வா தின்பதையே நிறுத்திவிட்டார். வெளியே சர்க்கரை வியாதி என்று சொல்லிக்கொண்டார்.

பட்ஜெட் நாளன்று அண்ணாச்சி விடியற்காலையிலேயே குற்றாலம் போய்விடுவார். அந்த மாதத்தில் அருவி நூலாகத்தான் விழும். தலை முழுக்க நனையவே அரை மணி நேரம் ஆகும். குளித்துவிட்டு வந்து டி.வி. முன்னால் உட்கார்ந்தால் உரை முடியும்வரை வியாபாரம் கிடையாது. ஒருமுறை பண்பொழியிலிருந்து வந்த ஒரு அம்மாள் கால் கிலோ அல்வா கேட்டுவிட்டார்.

“உக்காருங்கக்கா. சபை நடக்குல்லா?”

“எனக்கு பஸ்ஸு போயிரும் அண்ணாச்சி.”

“பஸ்ஸு அரை மணிக்கு ஒண்ணு வரும். பட்ஜெட்டு வருசத்துக்கு ஒண்ணுதான்.”

அந்த அம்மாள் வருமான வரி வரைக்கும் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் ஊர் போய்ச் சேர்ந்தார்.

இவ்வளவு சேட்டைக்கும் அடியில் அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. டெல்லிச் சட்டியில் ஒருமுறை, ஒரே ஒருமுறை, தன் கையால் கிண்ட வேண்டும். ஒவ்வொரு ஜனவரியிலும் நிதியமைச்சருக்கு ஒரு கிலோ அல்வாவோடு கடிதம் அனுப்புவார். ‘சம்பா கோதுமையில் பால் எடுத்து முறைப்படி கிண்டித் தருகிறேன். கூலி வேண்டாம்.’ பதில் வந்ததில்லை. ஆனாலும் தபால்காரர் தெருமுனையில் திரும்பினால் போதும், அண்ணாச்சி வாசலுக்கு வந்து துடைத்த அல்வாப் பெட்டிக் கண்ணாடியையே மறுபடி துடைப்பார். அதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம் என்று எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

நாங்கள் என்றால் நானும் எதிர்த்த ஜெராக்ஸ் கடை இப்ராஹிமும். கடையநல்லூர்க்காரன், குறும்பில் எனக்கு அண்ணன். பதினோராவது கடிதம் போன பத்தாம் நாள், நான் ஆங்கிலத்தில் எழுத, அவன் வட்ட முத்திரையோடு அச்சடிக்க, டெல்லியிலிருந்து அண்ணாச்சிக்கு அழைப்பு வந்துவிட்டது. சட்டதிட்டமெல்லாம் விவரமாக எழுதியிருந்தோம். அண்ணாச்சி ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்து எங்களைக் கிழிப்பார், எல்லோரும் சிரிப்போம் என்று நினைத்தோம்.

அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. கடிதத்தோடு மாடியேறி நேரே என்னிடமே வந்தார்.

“படிலே தம்பி. டெல்லின்னு மட்டும் தெரியுது.”

நான் எழுதிய கடிதத்தை நானே தமிழில் படித்துக் காட்டினேன். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் அவர் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடிதத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

மறுநாளே கடையில் போர்டு தொங்கியது: ‘டெல்லி வேலை காரணமாகக் கடை ஒரு வாரம் விடுமுறை.’ டெல்லிக் குளிருக்கு, இப்ராஹிமின் மாமா கல்ஃபிலிருந்து கொண்டுவந்த புலிப்படம் போட்ட கம்பளியை இரவல் வாங்கினார். அதைக் கொடுக்கும்போது இப்ராஹிம் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சுரண்டையிலிருந்து சொந்தக்காரர்கள் மாலையோடு வழியனுப்ப வந்துவிட்டார்கள்.

தென்காசி ஸ்டேஷனில் ஒரு கையில் கோதுமை மூட்டை, மறு கையில் ஆளுயரச் சட்டுவம், கழுத்தில் மாலை, தோளில் புலி என்று அவர் நின்ற கோலத்தைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. இப்ராஹிமையும் இழுத்துக்கொண்டு அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் போனேன்.

“அண்ணாச்சி, போவாதிய. அந்த லெட்டர நாங்கதான் எழுதுனோம்.”

அவர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. கம்பளியை நான்காக மடித்து இப்ராஹிமிடம் நீட்டினார். “மாமாட்ட பத்திரமாக் குடுத்துரு” என்றார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். ரெண்டு அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதன்பிறகு எங்களோடு பேச்சே இல்லை. பட்ஜெட் நாள் காலை எட்டு மணிக்குப் போன் வந்தது. “ரெண்டு பேரும் அல்வா தின்ன வாங்கலே.” விழுந்தடித்து ஓடினோம். கடைக்குப் பின்னால் அடுப்படிக்குள் நுழைந்ததும் வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

“அண்ணாச்சி, கதவத் தொறங்க!”

ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது. “அல்வா விசயமா உள்ள போனவன் பட்ஜெட்டு முடியும்வரை வெளிய வரப்புடாது. நீதானலே லெட்டர்ல எழுதிருந்த? அங்கன கோதுமைப் பால் இருக்கு, சீனி இருக்கு, நெய் இருக்கு. கிண்டுங்க. அடி பிடிச்சுது, அடுத்த பட்ஜெட்டுக்குத்தான் கதவு.”

கிண்டினோம். முதல் மணி நேரத்தில் சிரிப்பு போனது. இரண்டாவதில் தோள்பட்டை போனது. பதினொரு மணிக்கு முன்கடை டி.வி.யில் உரை தொடங்கியது. அமைச்சர் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் முடிந்துவிட்டது என்று நிமிர்ந்தோம். விவசாயம் முடிந்து ரயில்வே வந்தது, ரயில்வே முடிந்து கப்பல் வந்தது. உறுப்பினர்கள் மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது. “ஒக்காந்து தட்டுதானுவ, குடுத்து வச்சவனுவ” என்று இப்ராஹிம் முனகினான். ஒரு சொல் விடாமல் நான் பட்ஜெட் கேட்டது அந்த ஒரு வருடம்தான்.

சபை ஒத்திவைக்கப்பட்டதும் கதவு திறந்தது. அண்ணாச்சி விரலில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தார்.

“பதம் வரல. ஆனா தீ எரிஞ்சிருக்கு. டெல்லிக்கு இது தேவல.”

அவர் சிரித்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. ஆளுக்கு ஒரு வாழையிலைத் துண்டில் நாங்கள் கிண்டியதையே வைத்துக் கொடுத்தார். தின்றுகொண்டே நிமிர்ந்தால், சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் எங்கள் கடிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.

“அண்ணாச்சி, பொய் லெட்டர்னு தெரிஞ்ச பெறவும் எதுக்கு அத மாட்டி வச்சிருக்கிய?”

இலையைப் பார்த்தபடியே சொன்னார். “பதினோரு வருசமா எழுதுதேம்லே. பதில்னு எனக்கு எழுதுனது நீங்க ரெண்டு பேருந்தான்.”

நான் வேறு வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. ஜனவரி பிறந்தால் அவருக்கு ஒரு கடிதம் போட்டுவிடுகிறேன். தமிழில், கையால், அடியில் என் சொந்தப் பெயரைப் போட்டு.