ஏழாம் காட்சியில் புயல்

ஆபத்து வந்தால் ஜனங்கள் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று அரசாங்கம் ஒரு நாள் முடிவு செய்தது. அதுவரைக்கும் அவர்களை யார் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. வடக்கே எல்லைச் சண்டை ஓய்ந்திருந்த அறுபத்து மூன்றாம் வருஷம் அது. தாலுகா ஆபீஸ் வாசலில் மணல் மூட்டை அடுக்கினார்கள். சிவப்பு வாளிகளில் மணல் நிரப்பி வரிசையாகத் தொங்கவிட்டார்கள். இரண்டே வாரத்தில் அவை வெற்றிலை எச்சில் துப்பத் தோதாகிவிட்டன. தாசில்தார் பழனிச்சாமி ஆபீசுக்குப் பின்னால் தற்சார்புத் தோட்டம் ஒன்று போட்டு, ப்யூன்களை விட்டுத் தண்ணீர் ஊற்றி, காய்த்த கத்தரிக்காயை வீட்டுக்குக் கொடுத்தனுப்பித் தற்சார்பு அடைந்தார். எந்தத் தாலுகா என்று சொன்னால் வம்பு.

கட்டுமாவடி ஜெகபர் சாதிக் இதையெல்லாம் நிஜமென்று நம்பிவிட்டார். அதுதான் அவர் செய்த முதல் தப்பு.

சாதிக் பதினெட்டு வருஷம் சரக்குக் கப்பலில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தவர். கரைக்கு வந்த பிறகும் கப்பலிலேயே வாழ்கிற மாதிரிதான் வாழ்ந்தார். வீட்டில் எப்போதும் மூன்று மாத அரிசி இருக்கும். பரணில் கருவாடு, பானைகளில் காய்ச்சின தண்ணீர், சுவரில் காற்றின் அழுத்தம் காட்டும் ஒரு பழைய பாரோமீட்டர்; முள் இறங்கினால் புயல். ஊரார் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. காரணம் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த புயலில் எட்டுப் பேர் கடலோடு போனார்கள். அதில் ஒருவன் சாதிக்கின் மனைவி ரம்லத் பீவியின் கடைசித் தம்பி. புயல் வருகிறது என்ற தந்தி தாலுகா ஆபீசுக்குச் சனிக்கிழமை சாயங்காலமே வந்துவிட்டது. ஆபீஸ் பூட்டியிருந்தது. மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை காலையில் சேவகன் சைக்கிளில் வந்து, ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த வீட்டு வாசலில் நின்று, "கடலுக்குப் போக வேணாமாம், கையெழுத்துப் போடுங்க" என்றான். ரம்லத் பீவி கையெழுத்துப் போட்டாள். அந்தக் கையெழுத்தைச் சாதிக் மறக்கவில்லை.

பட்டணத்துக்குப் போய், பழைய ராணுவச் சாமான்களைக் கிளறி வாங்கிவந்து, இரண்டு வயர்லெஸ் பெட்டி செய்தார். ஒன்று வீட்டில், லாரி பேட்டரியோடு. இன்னொன்று ரம்லத் பீவியின் அண்ணன் மீரா சாகிபுவின் வள்ளத்தில். கரையிலிருந்து சேதி போனால் மீரா சாகிபு சிவப்புத் துணியை ஏற்ற வேண்டும். அதைப் பார்த்து மற்ற வள்ளங்கள் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. ஆனால் சாதிக் யோக்கியர். லைசென்ஸ் இல்லாமல் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று டில்லிக்கு எழுதிப் போட்டார். இது இரண்டாவது தப்பு.

டில்லியிலிருந்து தாலுகா ஆபீசுக்குக் காகிதம் வந்தது. மனுதாரர் அமெச்சூர் ரேடியோ நிலையம் வைக்கக் கேட்கிறார், விசாரித்து எழுதவும் என்றிருந்தது. காகிதம் குமாஸ்தா சிவசாமியின் மேஜைக்கு வந்து சேர்ந்தது. சிவசாமி அந்த வட்டாரத்து மனமகிழ் அமெச்சூர் நாடக சபாவில் பதினோரு வருஷமாக ஸ்திரீபார்ட். அமெச்சூர் என்ற வார்த்தைக்கு அவருக்குத் தெரிந்து உலகத்தில் ஒரே அர்த்தம்தான். காகிதத்தை நாடகம், கூத்து, தெருமுனை வித்தை என்று மேலே எழுதியிருந்த காகிதக் கட்டோடு சேர்த்துக் கட்டி வைத்துவிட்டு, சாதிக்குக்கு ஆளனுப்பினார்.

"உங்க சபாவுல மொத்தம் எத்தனை பேரு, பாய்?"

"சபா எல்லாம் இல்லீங்க. நான் ஒருத்தன்தான்."

"ஏகபாத்திரமா? ராஜபார்ட்டும் நீங்க, பபூனும் நீங்களா?"

"ஐயா, இது ரேடியோ. அமெச்சூர்னா, சம்பளத்துக்கு இல்லாம பிரியத்துக்குச் செய்யறது."

"நாங்க மட்டும் சம்பளத்துக்கா சேலை கட்டுறோம்?" என்றார் சிவசாமி, மனம் நொந்து. "கதை வசனம் மூணு காப்பி கொண்டாங்க. போலீசு பாத்து முத்திரை போட்டாத்தான் பேசலாம். அதான் சட்டம்."

"என்ன பேசுவேன்னு இப்பவே எப்படிங்க எழுதறது? கடல் எப்படி இருக்கோ அதைத்தானே பேச முடியும்?"

சிவசாமி அவரைத் தாசில்தாரிடம் அழைத்துப் போனார். பழனிச்சாமி அப்போது, ஒவ்வொரு குடிமகனும் பிறர் உதவியை எதிர்பாராது வாழ்வது எப்படி என்ற சொற்பொழிவை ரைட்டரை விட்டு எழுதவைத்துக்கொண்டிருந்தார்.

"எழுதாமப் பேசுவீங்களா? நானே எழுதி வச்சுத்தான் பேசுறேன். எழுதாமப் பேசுனா மனசுல இருக்கறது வெளிய வந்துராதா?" என்றார்.

சாதிக் வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்றார். ரம்லத் பீவி தட்டை எடுக்கவில்லை. "நாடகம்னா நாடகம்னே எழுதிக் குடுத்துட்டு வாங்க. எந்தப் பேர்ல பேசுனா என்ன? எனக்கு இருக்கறது ஒரே ஒரு அண்ணன்" என்றாள்.

அன்றைக்கே சாதிக் வசனம் எழுதினார். "புயல் வருது. கரைக்குத் திரும்புங்க." மூன்று காப்பி.

ஒரு மாதம் கழித்து வசனம் திருத்தமாகித் திரும்பி வந்தது. புயல் வருது என்று சொன்னால் பொதுமக்கள் பீதியடைவார்கள் என்பதால், 'இயற்கையின் ஒத்துழைப்பில் தற்காலிகக் குறைபாடு நேரக்கூடும்' என்று மாற்றியிருந்தார்கள். திரும்புங்க என்பதில் அதிகாரத் தொனி இருந்ததால், 'திரும்புவது குறித்துப் பரிசீலிக்கும்படி பணிவன்புடன் வேண்டப்படுகிறீர்கள்' ஆகியிருந்தது. முதல் காட்சி இறைவணக்கம். இரண்டாவது வரவேற்புரை. மூன்றாவது தாசில்தாரின் தலைமையுரை. நாலாவதில் சிவசாமி தன் சொந்தச் செலவில் ஒரு சோகப் பாட்டைச் சேர்த்திருந்தார். ஐந்தும் ஆறும் காய்கறித் தோட்டத்தின் பெருமை. புயல் ஏழாம் காட்சியில் வந்தது. தற்போதைக்கு ஒத்திகை மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுமதி. அதுவும் கான்ஸ்டபிள் முன்னிலையில்.

கான்ஸ்டபிள் வீரய்யா நல்ல மனுஷன். தினமும் காலையில் வந்து, ரம்லத் பீவி கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு, முத்திரை போட்ட வசனத்தை மடியில் விரித்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கார்த்திகை மாதம் ஒரு காலை. பாரோமீட்டர் முள் சரசரவென்று இறங்கியது. நாகப்பட்டினத்துப் பக்கம் சாதிக்கைப் போலவே ஆசைக்குப் பெட்டி வைத்திருந்த ஒருவர், இங்கே கூரைகள் பறக்கின்றன என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சத்தம் அறுந்துபோனது. கடலில் நாற்பது வள்ளம் இருந்தது. சாதிக் பேசும் குழாயைக் கையில் எடுத்தார்.

"இறைவணக்கம்" என்று வீரய்யா எடுத்துக்கொடுத்தார்.

"மச்சான்! புயல் வருது! துணிய ஏத்து! திரும்பு!"

"பாய், அது ஏழாம் காட்சிங்க. அதுலயும் மச்சான்னு ஒரு பாத்திரமே இல்லையே!" வீரய்யா காகிதத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"மீரா சாகிபு! காதுல விழுதா? இங்கிட்டு வா! எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா!"

ரம்லத் பீவி வீரய்யாவின் மடியிலிருந்த காகிதத்தை வாங்கி அடுப்பில் வைத்தாள். வீரய்யா அதையும் தன் நோட்டுப் புஸ்தகத்தில் நேரம் போட்டு எழுதிக்கொண்டார்.

நாற்பது வள்ளமும் கரைக்கு வந்தன. கடைசி வள்ளத்தை மணலில் ஏற்றி அரை மணிக்குள் புயல் அடித்தது. ஊரில் பாதிக் கூரை போயிற்று. ஒரு உயிர் போகவில்லை. மீரா சாகிபு நனைந்த கைலியோடு வந்து சாதிக்கைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்த ஒரு நாள் சாதிக்குக்குப் போதும். அதோடு விட்டிருந்தால் கதை நன்றாக முடிந்திருக்கும்.

ஆனால் விசாரணை வந்தது. அனுமதி பெறாத வசனம் பேசியது ஏன்? அனுமதி பெறாத வசனத்துக்குக் கீழ்ப்படிந்து நாற்பது வள்ளம் திரும்பியது ஏன்? கேட்டவர்களும் குற்றவாளிகள்தான் என்று சிவசாமி ஒரு பேச்சுக்குச் சொல்லி வைத்தார். ஊர் நடுங்கிப்போனது. புயலுக்கு அப்படி நடுங்கினதில்லை.

மீரா சாகிபுதான் முதலில் சாட்சி சொன்னார். "புயலா? அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க. மச்சான் நாடகம் போடறாருன்னு கேட்டோம். பாக்கணும்னு ஆசைப்பட்டுக் கரைக்கு வந்தோம். வந்த எடத்துல காத்து அடிச்சிருச்சு."

நாற்பது வள்ளத்துக்காரர்களும் அதையே சொல்லிக் கைநாட்டு வைத்தார்கள். சாதிக்கைக் காப்பாற்றத்தான் சொன்னார்கள், தங்களையும் சேர்த்து. பழனிச்சாமி அகமகிழ்ந்துபோனார். நடுக்கடலில் தொழிலை விட்டுவிட்டு நாற்பது வள்ளம் ஓடி வரும்படியான நாடகம் தமது தாலுகாவில் நடந்திருக்கிறது என்று மேலே எழுதினார். மேலே இருந்தவர்கள், இயற்கையான நடிப்புக்காகச் சாதிக்குக்கு ஒரு நற்சான்றிதழ் அனுப்பினார்கள். அடுத்த வருஷம் கொண்டாடப்போகும் ஆபத்துக்கால முன்னேற்பாட்டு வாரத்தில் அதே நாடகத்தைக் கட்டுமாவடிக் கடற்கரையிலேயே மறுபடி நடத்தும்படியும் உத்தரவு போட்டார்கள். வயர்லெஸ் பெட்டிகள் இரண்டும் மேடைச் சாமான் என்ற வகையில் ஜப்தி செய்யப்பட்டு, பாதுகாப்பை முன்னிட்டு, பெட்டிக்கு உயிரான வால்வுகள் கழற்றப்பட்டன.

அடுத்த வருஷம் ஐப்பசியில் கடற்கரையில் பந்தல் போட்டார்கள். கூட்டம் குறையக் கூடாது என்று, அன்றைக்கு ஒரு வள்ளமும் கடலுக்குப் போகக் கூடாதென்று தாசில்தார் உத்தரவு. ஊர் மொத்தமும் பந்தலுக்குள் உட்கார்ந்திருந்தது. முன்வரிசை நாற்காலிகளில் அதிகாரிகள், கையில் சோடாவோடு. மேடையில் வால்வு இல்லாத பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள்.

தலைமையுரை நடந்துகொண்டிருந்தது. வேஷத்துக்குப் போடச் சொல்லியிருந்த கோட்டு ஒன்றை எடுக்க வீட்டுக்குப் போன சாதிக் பாரோமீட்டரைப் பார்த்தார். போன வருஷத்தைவிட முள் கீழே கிடந்தது. வெளியே வந்து பார்த்தால் கிழக்கே கடல் ஈய நிறத்தில் இருந்தது. கோட்டை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்து மேடையில் ஏறினார்.

"புயல் வருது! எந்திரிங்க! பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்க!"

பந்தலே அதிரும்படி கை தட்டினார்கள். விசில் அடித்தார்கள். சாதிக் இரண்டு கையையும் தூக்கி நிறுத்தச் சொன்னார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அழுகுறாரு பாரு, நெசமாவே அழுகுறாரு!" என்று சிவசாமி தொழில் பொறாமையோடு சொன்னார்.

"இப்ப மூணாம் காட்சிதாங்க நடக்குது" என்றார் பழனிச்சாமி, உரையிலிருந்து தலையைத் தூக்காமல். "ஒங்க முறை வரட்டும்."

சாதிக் மீரா சாகிபுவைத் தேடினார். இரண்டாவது வரிசையில் இருந்தார். எல்லோரையும்விட அவர்தான் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தார். "மச்சான், போன தடவைய விட இந்தத் தடவை பிரமாதம்!"

ரம்லத் பீவி ஒருத்திதான் எழுந்து நின்றாள். கூட்டத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "நெசத்த விடுங்க. இவுகளுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றாள்.

பந்தல் கால் ஒன்று மணலிலிருந்து அசைந்தது. சாதிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிமிர்ந்து நின்று, தாசில்தாரின் குரலிலேயே பேசினார்:

"பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அன்பார்ந்த சபையோர்களே! விழாவின் முக்கிய அங்கமான சிற்றுண்டி நிகழ்ச்சி தற்போது பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடைபெற இருக்கிறது. கேசரி, வடை, காபி. முதலில் வருபவருக்கே முன்னுரிமை என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன்!"

கடைசி வார்த்தை முடியுமுன் பழனிச்சாமி மேடையில் இல்லை. சிவசாமி நாற்காலியைத் தாண்டிக் குதித்தார். வீரய்யா லத்தியால் வழி விலக்கிக்கொண்டு முன்னால் ஓடினார். ஊர் மொத்தமும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஓடிக் கல் கட்டடத்துக்குள் நுழைந்தது. நடக்க முடியாதவர்களைக்கூடத் தூக்கிக்கொண்டு போனார்கள், அவர்கள் பங்கு வடையையும் வாங்கலாம் என்று. கடைசியாக வந்த சாதிக்கும் ரம்லத் பீவியும் கதவை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டார்கள்.

புயல் அடித்தது. பந்தல் மொத்தமாகக் கிளம்பிப் பனந்தோப்பைத் தாண்டிப் போனது. மாலை போட்ட பெட்டியும், நாற்காலிகளும், மூன்று காப்பி வசனமும் கடலுக்குள் போயின. வள்ளங்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதி உடைகிற சத்தம் உள்ளே கேட்டது. ஓடுகள் பறந்தன. சாதிக் கதவில் முதுகைக் கொடுத்துக்கொண்டு தலைகளை எண்ணினார். எல்லோரும் இருந்தார்கள். அல்லாவுக்கு நன்றி சொன்னார்.

"சாதிக் பாய்!" இருட்டிலிருந்து பழனிச்சாமியின் குரல் வந்தது. "கேசரி எங்க?"

"கேசரி இல்லீங்க."



"அரசாங்க விழாவுல பொய் அறிவிப்பா? சிவசாமி, எழுதிக்கய்யா!"

வெளியே ஒரு தென்னை முறிந்து விழுந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான்கு பக்கமிருந்தும் கேள்வி வந்தது. வடையாவது உண்டா, காபியாவது உண்டா, பச்சைப் பிள்ளைகளை இப்படி ஏமாற்றலாமா. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மீரா சாகிபு முன்னால் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"ஊரு ஒங்கள எம்புட்டு நம்புச்சு, மச்சான்" என்றார். "நீங்க போயி பொய் சொல்லலாமா?"