தார்ப்பாய்க்கு அடியில் திராட்சை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்கா புருஷன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. ஆபரேஷன் ஆன காலோடு படுத்திருக்கும் உனக்கு அதிர்ச்சி தரக் கூடாது என்று டாக்டர் சொன்னாராம். ஆகவே மெதுவாகச் சொல்கிறேன்: உன் திராட்சைத் தோட்டம் போய்விட்டது.

நீ ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாள் பிடித்த மழை ஒன்பது நாள் விடவில்லை. "இலை நனைஞ்சே இருந்தா நோய் வரும் அத்தான்" என்று நீ சொன்னது நினைவிருந்தது. நனைந்தால்தானே? கொடி முழுக்கத் தார்ப்பாய் போட்டு மூடினேன், பத்தாத இடத்துக்கு உன் அக்காவின் இரண்டு போர்வை, ஒரு ஜன்னல் திரை, முப்பது வருஷம் சலூன் நடத்தியவனுக்குத் துணி போர்த்தத் தெரியாதா என்ற மிதப்பு வேறு. மழை விட்டதும் திறந்தால் உள்ளே வெந்நீர் போட்ட குளியலறை மாதிரி புழுக்கம், இலையெல்லாம் எண்ணெய் சிந்தியது போல மஞ்சள் திட்டு, புரட்டினால் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. பூச்சிமருந்துக் கடைக்கு ஓடினேன்.

"மூடி வெச்சா புழுங்காதா பெரியவரே? காத்து போகணும். குலையைச் சுத்தி இருக்கிற இலையைக் கொஞ்சம் கிள்ளிட்டு மருந்து அடிங்க" என்றார் கடைக்காரர். கொஞ்சம் என்றார். என் கை உனக்குத் தெரியும், இந்தப் பக்கம் எடுத்தால் அந்தப் பக்கம் கூடுதலாகத் தெரிகிறது, அதை எடுத்தால் இது உறுத்துகிறது, சரி செய்து சரி செய்து கடைசியில் உச்சியில் மட்டும்தான் இலை மிச்சம். கீழே குலைகள் பச்சைப்பிள்ளை போல வெறும் உடம்போடு தொங்குகின்றன. மருந்தை அடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். "என் தம்பிக்கு இருக்கிறது இது ஒண்ணுதானே, இதையும் மொட்டை அடிச்சிட்டீங்களே!" என்று உன் அக்கா அழுதாள். இரண்டு நாளாகச் சாப்பாட்டுத் தட்டு மட்டும் சத்தமாக வருகிறது.

அறுவடைக்கு இருபது நாள். உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? வெட்கமாக இருக்கிறது மாப்பிள்ளை, அழுகையும் வருகிறது.

கால் சீக்கிரம் தேறட்டும். என்னை மன்னிக்கும் மனசும் அதோடு வரட்டும்.

இப்படிக்கு,
தலைகாட்ட முடியாத அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும் முன் தோட்டக்கலை அதிகாரி வந்துவிட்டார். "யாருங்க இப்படி வெட்டச் சொன்னது?" என்று அதட்டினார். பயத்தில், "மச்சினன்தான் சார், தோட்டம் அவனோடது" என்று பழியை உன் தலையில் போட்டுவிட்டேன். குலை குலையாகத் தூக்கிப் பார்த்தார். சுற்றுவட்டாரத்தில் குலைக்கு நோய் இறங்காத தோட்டம் இது ஒன்றுதானாம். காற்றும் மருந்தும் தடையில்லாமல் போயிருக்கிறதாம். சனிக்கிழமை நாற்பது திராட்சை விவசாயிகளை உன் ஆஸ்பத்திரிக்கே அழைத்து வருகிறார், உன் முறையை நீயே விளக்க வேண்டுமாம். அதற்குள் ஏன் அப்படி வெட்டச் சொன்னாய் என்று யோசித்து வை.