மூன்று முதலீடும் ஒரு தார்ப்பாயும்

எனக்குக் கூச்சம் அதிகம். யாராவது பேசிக்கொண்டிருந்தால் கிட்டே போய், "அப்புறம் சார்?" என்று கேட்க வாய் வராது. இந்தக் கூச்சத்துக்கு 1991-இல் நான் கொடுத்த விலை, நான்கு வருஷச் சேமிப்பு.

அப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் இரும்புப் பட்டறையில் ஹெல்பராக இருந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. படப்பையில் கத்திரித் தோட்டம் வைத்திருந்த கன்னியப்பனின் மகள் லோகாவை எனக்குப் பெண் கேட்டிருந்தார்கள்.

"படிப்புதான் இல்ல. துட்டையாவது ஒயுங்கா வெச்சிக்கினு கீறானா? வைகாசில நானே வந்து பாக்கறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார் அவர்.

அந்த வாரம் எங்கள் கணக்கர் மேனேஜரிடம் பேசியது ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது. "எல்லாத்தையும் ஒரே எடத்துல போடக் கூடாது சார். மூணு நாலா பிரிச்சிப் போடணும். ரிஸ்க்குக்கு அதான் மருந்து." மேலும் ஏதோ சொன்னார். ஒட்டுக் கேட்பதைப் பார்த்துவிடுவாரோ என்று நான் நகர்ந்துவிட்டேன்.

மறுநாளே பிரித்தேன். ஒரு பங்குக்குச் சூளைக்காரரிடம் இன்னும் சுடாத பச்சைச் செங்கல். இன்னொரு பங்குக்கு வைக்கோல். மூன்றாவதுக்கு வேர்க்கடலை. மூன்றும் எங்கள் ஊரான சேரப்பணஞ்சேரியில், களத்தைச் சுற்றியே வெயிலில் காய்ந்தன. (முகம் பார்க்கும் கண்ணாடியில் எனக்கு நானே வணக்கம் வைத்துக்கொண்டதை வெளியே சொல்லவில்லை.)

சொன்னபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்னியப்பன் வந்தார். கிணறு வற்றி, கத்திரிச் செடிகள் கருகிக்கொண்டிருந்ததால் முகத்தில் சிரிப்பே இல்லை. களத்துக்கு அழைத்துப் போனேன்.

"இதுல எது உன்னுது?"

"எல்லாமே என்னுதுதான் மாமா" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

சொல்லி முடிக்கவில்லை, கோடை மழை கொட்டியது. என்னிடம் இருந்தது ஒரே ஒரு தார்ப்பாய், அதுவும் இரவல். கடலையை மூடினேன். கல் நினைவு வந்தது, உருவிக்கொண்டு ஓடினேன். கல்லைப் பாதி மூடும்போது வைக்கோல் நினைவு வந்தது. இப்படி மூன்றையும் முறை வைத்து நனைத்தேன். கல் களிமண்ணாகியது, கடலை ஏரிப் பக்கம் மிதந்து போனது, வைக்கோல் எருக்குழி போல நாறியது. லோகாவும் போய்விட்டாள் என்று நினைத்து, சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தால், கன்னியப்பன் துண்டை உதறிவிட்டு, கையை விரித்து மழையில் நிற்கிறார். வாயெல்லாம் பல்.

"மாப்ள!"

கிண்டல் செய்கிறார் என்றே நினைத்தேன்.

"இன்னா மாப்ள, எழுந்துக்கினு வா. உன்னுது நனஞ்சா நனஞ்சிட்டுப் போவுது. அங்க என் கத்திரி பொழச்சிக்கும்யா!"

அந்தச் சந்தோஷத்தில் அங்கேயே தேதி குறித்தார். மழை இன்னும் பத்து நிமிஷம் தள்ளி வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, தெரியாது.

திங்கட்கிழமை என் கையில் ஒட்டியிருந்த களிமண்ணைப் பார்த்துக் கணக்கர் விசாரித்தார். முழுசாகச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"மீதியையும் கேட்டிருக்கக் கூடாதாய்யா? ஒரே அடியில எல்லாம் வுழாத மாதிரி பாத்துப் பிரிக்கணும்னு சொன்னேன். உன் மூணும் வெயில நம்பிக் கெடந்தது. இப்ப மழைய நம்பற வூட்ல பொண்ணு எடுத்துட்ட. இனிமேதான் கணக்கு சரியா வரும்."

வந்தது. கத்திரித் தோட்டம்தான் முதல் இரண்டு வருஷம் எங்களுக்குச் சோறு போட்டது.

இப்போது மகன் ஒரகடத்தில் கார் கம்பெனியில் இருக்கிறான். சம்பளத்தில் கொஞ்சம் அம்மா பேரில் ஏதோ ஃபண்டில் போட, போன மாதம் ஒரு படிவம் கொண்டுவந்தான். "நீங்க எவ்ளோ ரிஸ்க் தாங்குவீங்கன்னு ஒரு கேள்வி கீதும்மா. இன்னா எழுதறது?" என்றான்.

லோகா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "உங்கப்பாவக் கட்டிக்கினேன்னு எழுது. அதுக்கு மேல கேக்க மாட்டாங்க."