ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாமன் வீடு

அந்தக் காலச் சேலம் ஜில்லாவில் பாதிப் பேரைப் பட்டினி போட்ட ஒரே மனிதர் எங்கள் வெறும்வயிறுதான். பஞ்சத்துக்குக்கூட அந்தப் பெருமை கிடையாது.

எழுபதுகளின் கடைசி. ஆஸ்பத்திரி டாக்டர்கள் நாலு பேர் சேர்ந்து, சேலம் டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துச் சர்க்கரை நோய் ஆராய்ச்சி நடத்தினார்கள். நோய் உள்ள குடும்பங்களில் கைக்குழந்தை முதல் கிழம் வரை எல்லோருக்கும் வருஷம் ஒருமுறை ரத்தம் எடுக்க வேண்டும். அதே ஆட்களுக்கு, ஆயுசு முழுக்க. நான் அங்கே டைப்பிஸ்ட். முதல் நாளே ஊர் ஊராகப் போய், "நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட இருக்கோணும் சாமி" என்று சொல்லிவிட்டு வருவது வெறும்வயிறின் வேலை; அதுவே அவர் பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

"வெறும்வயிறு வாராருங்கோ!" என்று தெருமுனையில் ஒரு குரல் கேட்டால் போதும், ஊரே பலகாரத்தை ஒளித்துவிடும். ஒருமுறை ரொம்பச் சாமர்த்தியமாகப் புரட்டாசிச் சனிக்கிழமைக்கு நாள் குறித்தார். ஊரே விரதம், நாம் மெனக்கெட்டு மிரட்ட வேண்டாம் என்பது கணக்கு. வந்த முடிவைப் பார்த்து டாக்டருக்குத் தலை சுற்றியது. கைக்குழந்தையைத் தவிர ஊர் மொத்தத்துக்கும் சர்க்கரை! விசாரித்தால், விடியும் முன்பே ஆளுக்கொரு சொம்பு வெல்லப் பானகம் உள்ளே போயிருந்தது.

"விரதம்னு சொன்னீங்களே?" என்று அலறினார் வெறும்வயிறு.

"ஆமாங்க. சோறுதானுங்க திங்கப்படாது. பானகம் சாமியோடதுங்க."

அதைவிடப் பெரிய தொல்லை டாக்டர்கள். இருப்பது ஒரே ரத்தம், ஒரே குளிர்பெட்டி. குழந்தை டாக்டர், பிரசவ டாக்டர், கண் டாக்டர், முதியோர் டாக்டர் என நாலு பேரும் 'எனக்கு முதலில்' என்று குடுமிப்பிடிச் சண்டை. வெறும்வயிறுதான் பஞ்சாயத்து பண்ணினார். "நாலு பங்காளிக ஒரே கெணத்துல மொறை வெச்சுத் தண்ணி பாய்ச்சறதில்லீங்களா? அப்படி வெச்சுக்கோங்க." ஆளுக்கொரு கிழமை என்று ஒதுக்கிவிட்டார். முறை தப்பி வந்தவர் யாராக இருந்தாலும் குளிர்பெட்டிச் சாவி கிடைக்காது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, எங்கள் பட்டியலில் இருந்த பெண்களுக்குக் கல்யாணம் ஆகத் தொடங்கும் வரை. 'சர்க்கரை ஆபீசில் ரத்தம் கொடுத்த பெண்' என்று தெரிந்தால் புகுந்த வீட்டில் பேச்சு வரும். "பேரை அடிச்சுருங்க" என்றார்கள் பெற்றவர்கள். டாக்டர்களும் போனால் போகட்டும் என்றார்கள். இவருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. பெண்ணையும் பெற்றவர்களையும் பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டு, புகுந்த வீட்டில் தூரத்து மாமனாகப் போய் இறங்கினார். கையில் ஒரு சீர்த்தட்டு. தேங்காய், வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி எல்லாம் இருக்கும். இனிப்பு மட்டும் இருக்காது, தொழில் தர்மம்.

"அம்மிணியை ஒரு நாளைக்கு மாமன் ஊட்டுக்கு அனுப்பி வெய்யுங்க."

அந்த மாமன் வீடுதான் ஃபேர்லேண்ட்ஸ் ஆபீஸ். வெறும் வயிற்றில் ஒன்று, சர்க்கரைத் தண்ணீர் குடித்த பிறகு ஒன்று என இரண்டு முறை ரத்தம் எடுத்து முடித்ததும், மனுஷன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிப் போடுவார், நெய் விட்டு. சாப்பிட்ட பெண்கள் பாயை விரித்துத் தூங்குவார்கள். மாடு கறக்க வேண்டாம், களை வெட்ட வேண்டாம், யாருக்கும் பயப்பட வேண்டாம். திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பாவாயி என்ற பெண் சாயங்காலம் வரை அசையாமல் தூங்குவாள். பஸ் ஏறும்போது, "அடுத்த வருசம் மறந்துறாதீங்க மாமா" என்பாள். கல்யாணமான பெண்கள் இப்படித் தவறாமல் வருகிறார்களே என்று டாக்டர்களுக்கு ஒரே ஆச்சரியம்.

மூன்றாம் வருஷம் பாவாயி மாசமாக வந்தாள். ரத்தத்தில் சர்க்கரை எகிறியிருந்தது. "இப்படியே விட்டா குழந்தைக்கு ஆபத்து. வீட்டில சமைக்கிற மாமியாருக்குத் தெரிஞ்சாகணும்" என்றார் பிரசவ டாக்டர். பாவாயி அழுதாள். "தெரிஞ்சா என்னையப் பொறந்த ஊட்டுக்கே தொரத்தீருவாங்க மாமா."

பாவாயி வாழ்க்கைப்பட்டது நாமக்கல் பக்கத்துத் தோட்டத்தில். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பஸ்ஸில் வழியெல்லாம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தார். முன் சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் தேடிப் போனார். அங்கே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. களத்தில் கடலைக்காய் காயவைத்துக்கொண்டிருந்த மாமியார் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் மாமன் இல்லீங்க. சர்க்கரை ஆபீசு ஆளுங்க. அம்மிணிக்குச் சர்க்கரை காட்டுதுங்க, வைத்தியம் பாக்கோணுமுங்க. தப்பெல்லாம் என்னுதுங்க. அவளைத் தொரத்தீராதீங்க."

அந்த அம்மாள் நிதானமாக அவரைப் பார்த்தார். "எந்த மாமனுங்க ஒரு லட்டுக்கூட இல்லாமச் சீர் கொண்டாருவான்? மொத வருசமே தெரியுமுங்க."

"பொறகு ஏனுங்க அனுப்புனீங்க?"

"திரும்பி வந்தப்ப அவ மொகத்தப் பார்த்தனுங்க."

பிறகு அந்த அம்மாளே 'என்ன ஆக்கிப் போடலாம், எது ஆகாது' என்று கேட்டுக்கொண்டார். ஊசி போட யார் வருவார்கள் என்று கேட்டுக்கொண்டார். விடைபெற்றுக் கிளம்பி வேலியோரம் வந்துவிட்டோம். அந்த அம்மாள் பின்னாலேயே வந்து நின்றார். அதுவரை இருந்த அதிகாரக் குரல் இல்லை.

"ஏனுங்க, எனக்குப் பொறந்த ஊட்டுல இப்ப ஆருமில்லீங்க. என்னையும் ஒரு நாளைக்குக் கூப்புடுவீங்களா?"

வெறும்வயிறு தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வாங்கக்கா" என்றார். அவ்வளவுதான் வந்தது.

குழந்தை சுகமாகப் பிறந்தது. அடுத்த வருஷம் மாமியாரும் மருமகளும் குழந்தையும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மூன்று தலைமுறை ரத்தமும் ஒரே வீட்டிலிருந்து கிடைத்ததென்று டாக்டர்கள் குதித்தார்கள். அவர் அடுப்படியில் அக்காவுக்கு நெய் உருக்கிக்கொண்டிருந்தார்.

எண்பதுகளின் நடுவில் பணம் நின்று ஆராய்ச்சியை மூடினார்கள். ரத்தக் குப்பிகளை நாலு டாக்டர்களும் பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்தப் பெண்கள் மட்டும் அவர் குடியிருந்த ஒற்றை அறைக்கு வருஷா வருஷம் வந்துகொண்டே இருந்தார்கள். ரத்தம் எடுக்க ஆளில்லை. அவர் சோறு ஆக்கிப் போட்டார். அவரும் போய் வெகுகாலம் ஆயிற்று. இப்போது எனக்கும் சர்க்கரை. காலையில் வெறும் வயிற்றோடு லேப்பில் ரத்தம் கொடுத்துவிட்டு ஆட்டோவுக்கு நிற்கும்போது அவர் நினைப்பு வந்துவிடுகிறது.

பாவி மனுஷன், இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கலாம்.