எங்கள் ஒன்றியத்துக்குத் தைத்த இத்தாலிச் சப்பாத்து

லாச்சப்பல், பாரிஸ்

பெருமதிப்புக்குரிய அத்தான் இரத்தினம் அவர்கட்கு மைத்துனன் கருணைலிங்கம் பணிவன்புடன் எழுதுவது. இங்கு நான், மனிசி, பிள்ளை நிரோஜினி, கடை எல்லாம் சுகம். அங்கு தங்கள் முழங்காலும், அக்கா யோகராணியும், தங்கள் தலைமையிலான லெ பிளாங்-மெனில் ஒன்றியமும் சுகமாயிருக்க அம்பாளை வேண்டுகிறேன். தாங்கள் என் தொலைபேசியை எடுப்பதில்லை என்பதால் முத்திரை ஒட்டி எழுத வேண்டியதாயிற்று.

விளையாட்டுப் போட்டியில் கொத்துரொட்டிக் கடையை யார் போடுவது என்ற பேச்சில் இங்குள்ள எங்கள் ஊர்க்காரரின் ஒன்றியம் இரண்டாகி, தாங்கள் அங்கே தலைவராகவும் நான் இங்கே செயலாளராகவும் ஆன நாளிலிருந்து அக்கா என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அதற்காகத்தான் இரண்டையும் ஒன்றாக்கும் கூட்டத்துக்கு நான் ஓடித் திரிந்தேன். அழைப்பிதழுக்குப் படம் தேடி ஆற்றங்கரைப் பழைய புத்தகப் பெட்டிகளைக் கிண்டியபோது ஒன்று அகப்பட்டது. பெரிய மனிதர்கள் எல்லாரும் சுற்றியிருந்து காலில் போடும் ஒரே தோல் சப்பாத்தைத் தைக்கிறார்கள். ஒற்றுமைக்கு இதைவிட என்ன வேண்டும்? அச்சடித்து வீடு வீடாக அனுப்பி முடிந்த பிறகு நிரோஜினி பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, இது கேலிப்படம்" என்று பிரெஞ்சில் விளக்கம் வேறு. துண்டு துண்டாய்க் கிடந்த இத்தாலியை ஒரு நாடாக்கின காலத்திலை பாரிஸ் பத்திரிகைக்காரன் ஒருத்தன் கீறினதாம். இத்தாலியின்ரை வரைபடம் சப்பாத்து மாதிரித்தானே. செஞ்சட்டைப் போராளி பல்லாலை நூலை இழுக்கிறான், மந்திரி மிச்சத் தோலைப் பைக்குள்ளை ஒளிக்கிறார், பாப்பரசர் தன்ரை துண்டுக்கு மேலை குந்திக்கொண்டு எழும்பமாட்டன் எண்டு நிக்கிறார்.

என்ன கை அத்தான் அவனுக்கு! பாப்பரசரின்ரை பிடிவாதம் முதுகிலேயே தெரியுது. தோல் ஒளிக்கிற மந்திரியின்ரை முகத்திலையும் நாட்டுக்காகத்தான் செய்யிறன் எண்ட நம்பிக்கை. கடையிலை கல்லாவுக்கு மேலை மாட்டி வைச்சு நாள் முழுக்கப் பாக்கிறன், அலுக்கேல்லை.

ஆனால் சனம் விட்டுதே? எங்கட பொருளாளர், மந்திரி தான்தான் எண்டு ராஜினாமாக் கடிதம் தந்திட்டார். குந்தியிருக்கிறது நீங்கள்தான் எண்டு உங்கட ஆக்களே உங்களுக்குக் காட்டிப் போட்டினமாம். "என்னைப் பாப்பரசராக் கீறினவன்ரை கூட்டத்துக்கு நான் வரமாட்டன்" எண்டு நீங்கள் சத்தம் போட்டதும் என்ரை காதுக்கு வந்தது. அத்தான், கீறினவன் செத்து நூறு வருஷத்துக்கு மேலை. உங்களை எங்கை கண்டவன்? படத்திலை எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை, அம்பாள் மேலை சத்தியம். எனக்கு அக்காவைப் பாக்காமல் இருக்கேலாது, அவ்வளவுதான். வாற ஞாயிறு அவவையும் கூட்டிக்கொண்டு கூட்டத்துக்குக் கட்டாயம் வாங்கோ.

தங்கள் முழங்காலை அம்பாள் காக்க. அக்காவுக்கு அன்பும் தங்களுக்கு வணக்கமும்.

இங்ஙனம்,
கருணைலிங்கம்
செயலாளர்

பி.கு.: உறையை ஒட்டமுதல் மனிசி படத்தை உற்றுப் பாத்தா. மூலையிலை அரசர் கண்ணாடிக்கு முன்னாலை மீசையை முறுக்கிக்கொண்டு, சப்பாத்து எப்ப முடியும் எண்டு காலை நீட்டிக்கொண்டு இருக்கிறார். "இஞ்சை பாருங்கோ, நீங்கள்" எண்டா. பாத்தன். மீசை என்ரைதான். ஒண்டாகிற ஒன்றியத்தின்ரை புதுத் தலைவரா நான் பேசப்போற ஏற்புரையை இப்பவே எழுதி வைச்சிருக்கிறது அவவுக்குத் தெரியும், அந்தப் படக்காரனுக்கு எப்பிடித் தெரிஞ்சுது? கூட்டத்தை நிப்பாட்டிப் போட்டன். ஒன்றியம் இரண்டாவே கிடக்கட்டும். ஞாயிறு அக்காவோடை சாப்பிட வாங்கோ. சப்பாத்தை வாசல்லை கழட்டினால் போதும்.