பள்ளம் போட்டவர் வரி

மோட்டார்காரன் கொட்டத்தை அடக்காமல் அடுத்த வேளைச் சோறு தொடமாட்டேன் என்று சபதம் போட்டேன். அப்போதுதான் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்ததால் கஷ்டமாக இல்லை.

எங்கள் ஊர் ஆயர் ஈத்தாமில் நாங்கள் இருக்கும் சந்துப் பக்கம் முனிசிபாலிட்டி எட்டிப் பார்க்காது. ரோட்டைச் சந்துக்காரர்களே பராமரிக்க வேண்டும். அதில் வாய்க்கால் மாதிரி நீளமாக இரண்டு பள்ளம். ரிக்‌ஷாக்காரன் ஒருத்தனும் உள்ளே வருவதில்லை. என் மனைவி நூர் பீவி பட்டணத்தில் இருக்கும் அக்காவைப் பார்க்க முடியாமல் மாசக்கணக்காக வீட்டில் அடைந்து கிடந்தாள். அக்காவிடம் பேச வேண்டியதையெல்லாம் என்னிடமே பேசினாள். என் காது என்னத்துக்கு ஆகும்?

"ஏங்க, நம்மகிட்ட ஆறு மாட்டு வண்டி இருக்கு. கொஞ்சம் செம்மண் கொண்டாந்து கொட்டினா என்ன?"

"துறைமுகத்துல சரக்கு ஏத்துற வண்டி அது. மண் சுமக்கவா? இந்தச் சந்துல மோட்டார் கார் வச்சிருக்கிறது யாரு? ஷேக் அலாவுதீன்! மோட்டார் ஓட்டுறவர் வரி கட்டட்டும், ரோடு தானா வரும். வெள்ளிக்கிழமை சந்துக் கூட்டத்துல பேசத்தான் போறேன்!"

சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். முகமெல்லாம் சிரிப்பு.

"நியாயம்தாங்க! ஆனா மோட்டார்னு பேர் சொன்னா பொறாமைம்பாங்க. 'யாரு சக்கரம் பள்ளம் போட்டுச்சோ, அவங்க மாசாமாசம் வரி கட்டணும்'னு பொதுவாச் சொல்லுங்க. பெரிய மனுஷன் பேச்சா இருக்கும்."

"அட, உனக்கும் மூளை இருக்கே நூரு!"

"எல்லாம் உங்க சகவாசம்."

வெள்ளிக்கிழமை முழங்கினேன் பாருங்கள், சந்தே கிடுகிடுத்தது! கைதட்டல் ஓய நேரமானது. தீர்மானத்துக்கு எல்லாரும் கை தூக்கினார்கள். அலாவுதீனும் தூக்கினார். ஆடு தானாகக் கழுத்தை நீட்டுகிறதே என்று உள்ளுக்குள் குதித்தேன்.

"ரொம்பச் சரி, பஷீர் தம்பி," என்றார் அலாவுதீன். "எதுக்கும் ஒருக்கா அளந்துருவோம்லா." கையில் ஒரு மூங்கில் கழி.

கழியைப் பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் குறுக்கே வைத்தார். கச்சிதம். தம் மோட்டார்ச் சக்கரங்களுக்கு நடுவே வைத்தார். பொருந்தவே இல்லை. ரப்பர் டயர் மண்ணில் பாய்ப் பின்னல்போல் ஒரு தடம் விட்டிருந்தது, அவ்வளவுதான். கூட்டம் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தது. நானும் நடந்தேன். பள்ளம் இரண்டும் வளைந்து நேரே என் வண்டிக் கொட்டகைக்குள் போயின. இரும்புப் பட்டை போட்ட என் வண்டிச் சக்கரம் அளவெடுத்துத் தைத்த சட்டைமாதிரி அதில் உட்கார்ந்தது.

"கழி ஏதுண்ணே?" என்றேன்.

"உங்க வீட்டுக்காரம்மா காலையில என் சம்சாரம் சலேஹாகிட்ட கொடுத்தாங்களாம். கொட்டகையில அளந்து வெட்டின கழியாம்."

அப்புறம் என்ன? என் வண்டி, என் மாடு, என் செம்மண். இன்று ஆயர் ஈத்தாமிலேயே எங்கள் சந்துமாதிரி ரோடு கிடையாது! வழவழவென்று கிடக்கிறது. எனக்கே பெருமை தாங்கவில்லை.

நேற்று அதில் ஒரு மோட்டார் ஆடாமல் அசையாமல் வந்து என் வாசலில் நின்றது. பின்சீட்டில் சலேஹா. பக்கத்தில் பட்டுச்சேலையும் மல்லிகையுமாக என் நூரு.

"அக்கா வீட்டுக்குப் போறேங்க!"

"இரு, நானும் வர்றேன்."

"நல்லா வந்தீங்க! இன்னிக்கு வரி கேட்டு வருவாங்க, கட்டுறதுக்கு வீட்டுல ஆம்பளை வேணாமா?"