என் போன் உங்களிடம் கேட்ட மன்னிப்பு

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் வீட்டாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவது என்ன, உங்களுக்கு ஜலதோஷம் வந்து போனது, கடையில் புது விளக்கு போட்டது, புதுச் செருப்பு காலைக் கடித்தது எல்லாம் என் போனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் நேற்று வரை தெரியாது. என் சௌக்கியத்தைக் கேட்டால், நேற்றுக் காலையிலிருந்து நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது. அதன் காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஒரு போன் அடித்துச் சொல்லியிருக்கலாமே என்று கேட்காதீர்கள். போன் மேல் எனக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது. இப்போதைக்கு நான் நினைப்பதை நினைத்தபடி எழுதுவது இந்தப் பேனா ஒன்றுதான்.

நமக்குள் பேச்சு நின்று இரண்டு வருடம் ஆகிறது. எதற்காக நின்றது என்று வெளியில் சொன்னால் சிரிப்பார்கள், அதனால் நான் யாரிடமும் சொல்வதில்லை. பேருந்துப் பணிமனையில் எஞ்சினுக்கு அடியில் படுத்தே தலை நரைத்தவன் நான். எனக்கு வண்டியானாலும் போனானாலும் ஒரே கணக்குதான்: சூடாகக் கூடாது, ஒரு தடவை நிரப்பினால் நாள் முழுக்க ஓட வேண்டும், கீழே விழுந்தால் கண்ணாடி சிதறக் கூடாது. நீங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். உங்களுக்குத் திரை பளிச்சென்று இருக்க வேண்டும், எழுத்து கண்ணை உறுத்தக் கூடாது, எதிர் மாடியில் நிற்கிறவன் சட்டைப் பொத்தான் படத்தில் தெரிய வேண்டும். அவன் சட்டைப் பொத்தானை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். நான் பேட்டரி என்றால் நீங்கள் கேமரா என்பீர்கள். நான் வேகம் என்றால் நீங்கள் அழகு என்பீர்கள். உங்கள் கம்பெனி, எங்கள் கம்பெனி என்று நாம் பேசுவதைக் கேட்டவர்கள் இரண்டு கம்பெனிக்கும் நாம்தான் முதலாளிகள் என்று நினைத்திருப்பார்கள்.

இதோடு விட்டோமா? நீங்கள் இங்கே வந்திருந்தபோது எந்தப் போன் அதிகம் விற்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று கடைவீதியில் போன் கடைக்கு எதிரே ஆளுக்கொரு டீயோடு நின்றோம். வெளியே வருகிறவர்கள் கையில் வெள்ளைப் பை இருந்தால் உங்களுக்கு, கறுப்புப் பை இருந்தால் எனக்கு. வெள்ளை ஏறியபோது, பாதிப் பேர் ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கிப் போகிறவர்கள் என்று நான் சொன்னேன். கறுப்பு ஏறியபோது, தள்ளுபடி போட்டால் யார்தான் வாங்க மாட்டார்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். கடைக்காரரே வெளியே வந்து, "பெரியவங்களே, ரெண்டும் ஒரே குடோன்ல இருந்துதான் வருது. எதுக்கு வெயில்ல நிக்கறீங்க" என்றார். நாம் இருவரும் ஒன்றாகச் சேர்ந்து அவரோடு சண்டைக்குப் போனோம். நீங்களும் நானும் கடைசியாக ஒரே கட்சியில் இருந்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் என் மகள் புது வீட்டுக்குக் குடிபோன நாள். மதியம் சாப்பிட்டு எழுந்ததும் குடும்பத்தோடு ஒரு படம் எடுக்கலாம் என்றார்கள். நீங்கள் உங்கள் போனில் எடுத்தீர்கள், நான் என் போனில் எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் வந்த வினை. "உங்க போன்ல என் தங்கச்சி காலேஜ் பொண்ணு மாதிரி இருக்கா. இது போட்டோ இல்ல மாப்ளே, பொய்" என்றீர்கள் நீங்கள். "உங்க போன்ல என் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில இருந்து இப்பத்தான் வந்த மாதிரி இருக்கா" என்றேன் நான். உங்கள் தங்கை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப நெசத்துல நான் எப்படித்தான் இருக்கேன்?" என்று கேட்டாள். அந்த நேரம் நாம் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பேச்சு கேமராவை விட்டு என் சம்பாத்தியத்துக்கு வந்தது, அதிலிருந்து உங்கள் படிப்புக்குப் போனது, கடைசியில் "இனி உங்க வீட்டுப் படி ஏற மாட்டேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நீங்கள் கிளம்பினீர்கள். நீங்கள் செய்துகொடுத்த மூக்குக்கண்ணாடியை அன்றைக்கே கழற்றி டப்பாவில் போட்டு மூடினேன். இரண்டு வருடமாகப் பேப்பரில் தலைப்பு மட்டும்தான் படிக்கிறேன். செய்தியை என் ஊகத்துக்கு விட்டுவிடுகிறேன்.

இனி நேற்று நடந்ததைக் கேளுங்கள். காலையில் எழுந்து வந்து பார்த்தால் உங்கள் தங்கை முன்னறை மெத்தையை ஜன்னல் ஓரமாக நிறுத்தி வைத்துத் தூசி தட்டுகிறாள். நான் அங்கே அடுக்கி வைத்திருந்த பழைய சார்ஜர், ஸ்பானர், வயர் எல்லாம் அட்டைப்பெட்டியில் ஏறி மாடிப்படிக்கு அடியில் போய்விட்டன. வாய்க்குள்ளே ஒரு பாட்டு வேறு. அவள் பாடி நான் கேட்டு வெகுநாளாயிற்று.

"யாராவது வர்றாங்களா?" என்றேன்.

"தெரியாத மாதிரியே கேக்கறீங்களே. வெள்ளிக்கிழமை அண்ணன் வர்றாங்க. பத்து நாள் இருக்கப் போறாங்க."

"யாரு கூப்பிட்டா?"

"நீங்கதான்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் மெத்தையை அப்படியே விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நேத்து போன்ல பேசும்போது அண்ணனுக்குக் குரலே வரல. மாப்பிள்ளை மனசுல இவ்வளவு இருக்கும்னு தெரியாம போச்சேன்னு சொன்னாங்க. நான் ரெண்டு வருஷமா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எப்படித் தவிச்சேன்னு எனக்குத்தான் தெரியும்" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அப்புறம் என் போனை எடுத்து, நான் உங்களுக்கு எழுதினதாகச் சொல்லி ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். மைத்துனரே, நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னிக்கு கேமரா பத்தி நான் சொன்னது தப்பா மாப்ளே?" என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு என் போன், "இல்லை, நீங்கள் சொன்னது மிகச் சரி. உங்கள் போனின் கேமராதான் சிறந்தது" என்று பதில் கொடுத்திருக்கிறது. என் வீட்டு மின்சாரத்தைத் தின்றுகொண்டு, என் சட்டைப் பையில் இருந்துகொண்டு, அது செய்கிற வேலையைப் பார்த்தீர்களா. "இன்னும் கோவமா?" என்று நீங்கள் கேட்டதற்கு, "மன்னிக்கவும். தவறு முழுவதும் என்னுடையது" என்றிருக்கிறது. முழுவதும். பாதி என்று சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். "உங்க பேட்டரியும் ஒண்ணும் மோசமில்ல" என்று நீங்கள் பெரிய மனசு பண்ணியதற்கு, "மிக்க மகிழ்ச்சி" என்று இளித்திருக்கிறது. கடைசியாக, "நான் ஒரு எட்டு வந்துட்டுப் போகவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். "கண்டிப்பாக வாருங்கள், பத்து நாளாவது தங்குங்கள், ஆவலுடன் காத்திருக்கிறோம்" என்று அது வாசல் வரை போய்க் கூப்பிட்டிருக்கிறது. நான் என் கல்யாணத்துக்குக்கூட யாரையும் இப்படி அழைத்ததில்லை.

போனை எடுத்துக்கொண்டு, அன்றைக்கு நாம் டீயோடு எதிரே நின்ற அதே போன் கடைக்கு ஓடினேன். எவனோ என் போனுக்குள் புகுந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். கடைக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "யாரும் உள்ள புகல சார். இது இந்த மாடல்ல புது வசதி. ஒரு செய்தி வந்தா, அதுக்குத் தகுந்த பதிலை போனே யோசிச்சு கீழே சின்னக் கட்டத்துல காட்டும். நீங்க தொட்டா அனுப்பிடும். நீங்க தொட்டிருக்கீங்க."

நான் தொட்டது உண்மை. அதை மறைக்கவில்லை. உங்கள் பெயர் திரையில் வந்தாலே படிக்கக் கூடாது என்று வைராக்கியம். ஆனால் அது அங்கேயே நின்று கண்ணைக் குத்திக்கொண்டிருக்கும். பணிமனையில் வண்டியின் முன்பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தால் கீழே இருக்கிற பொத்தானை அழுத்தி அணைப்போம். அந்தப் பழக்கத்தில் கீழே ஏதோ கட்டம் தெரிந்ததே என்று அழுத்தினேன். மறைந்துவிட்டது. சரி, இதுதான் அணைக்கிற பொத்தான் போலிருக்கிறது என்று ஒரு மாதமாக நீங்கள் ஒவ்வொரு தடவை வரும்போதும் அழுத்தி அழுத்தி அணைத்துக்கொண்டிருந்தேன். கட்டத்துக்குள் எழுத்து இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? கண்ணாடிதான் டப்பாவில் தூங்குகிறதே.

"இதுல என்ன சார் நஷ்டம்? நல்ல பதிலாத்தானே போயிருக்கு" என்றார் கடைக்காரர். நஷ்டம் என்னவென்று அவருக்கு எப்படிப் புரியும். இரண்டு வருடம் விறைப்பாக நின்றுவிட்டு, முதலில் இறங்கி வந்தது நான்தான் என்று உங்கள் கணக்கில் எழுதப்பட்டுவிட்டதே. உங்கள் தங்கை காட்டியதற்கு முன்னால் இன்னும் எத்தனை கெஞ்சல், எத்தனை குழைவு போயிருக்கிறதோ தெரியாது. இதற்கு முந்தைய மாடல் அடக்கமான போன், தானாக ஒரு வார்த்தை பேசாது. மேலான மாடல் என்று காசைக் கொட்டி வாங்கியதில், மரியாதையை அதுவே எடுத்து உங்களுக்குக் கொடுத்துவிட்டது.

ஆகவே இதன் மூலம் தெரிவித்துக்கொள்வது: அந்தப் பதில்கள் எதுவும் என்னுடையவை அல்ல. மன்னிப்பு செல்லாது. கேமரா பற்றிய கருத்து செல்லவே செல்லாது. அழைப்பும் செல்லாது என்பதால் தயவுசெய்து வெள்ளிக்கிழமைப் பயணத்தை நிறுத்திக்கொள்ளவும். உங்கள் தங்கையிடம் கடையில் வேலை அதிகம் என்று நீங்களாகவே சொல்லிவிட்டால் நல்லது. நான் சொன்னால் அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. நேற்று ராத்திரி அவள் தலையணைக்குப் புது உறை போட்டுக்கொண்டே, "அண்ணனுக்கு உயரமா இருந்தாத்தான் தூக்கம் வரும்" என்றாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். வேறு வழியில்லாமல் உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அதற்காக வேறெதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கடையில் கூட்டம் குறையாமல் இருக்கட்டும், உங்கள் கால் புண் சீக்கிரம் ஆறட்டும், பிள்ளைகள் மேன்மேலும் நன்றாக வரட்டும் என்று, பேசாவிட்டாலும் மனதார விரும்பும்,

உங்கள் தங்கை கணவன்.

பின்குறிப்பு: மச்சான், கடிதத்தை மடித்து உறையில் போடும் முன், என் போன் உங்களிடம் முதன்முதலில் எந்த வார்த்தை சொல்லிக் குழைந்தது என்று பார்த்து, அதையும் சேர்த்து ரத்து செய்துவிடலாம் என்று திரையைத் தள்ளிக்கொண்டே மேலே போனேன். எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது என் போன் எழுதியது இல்லை. நீங்கள் எழுதியது. "மாப்ளே, கண்ணாடி வாங்க வந்த ஒருத்தர் சொன்னார், உங்க கம்பெனி புது போன் சார்ஜ் போடும்போது சூடாகுதாம். தலைமாட்டுல வெச்சுத் தூங்காதீங்க. நீங்க பேசலன்னாலும் பரவாயில்ல, இதை மட்டும் கேளுங்க." அதற்கு மேலே தள்ளிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. இரண்டு வருடத்துக்கு அப்புறம் முதல் வார்த்தை நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள், நான் அதைப் படிக்காமலே அழுத்தி அணைத்திருக்கிறேன். எப்போதும் தலைமாட்டில் வைக்கிற போனை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. வெள்ளிக்கிழமை பேருந்து நிலையத்துக்கு நான் வருகிறேன், அங்கேயே உங்கள் கையில் கொடுக்கிறேன், வழியிலேயே படித்துக் கிழித்துவிடுங்கள், வீட்டுக்குப் போனால் உங்கள் தங்கை கண்ணில் படக் கூடாது. கேமரா பற்றி அது உளறியதற்கு நான் பொறுப்பில்லை, அதை நேரில் பேசித் தீர்த்துக்கொள்வோம். ஆனால் உங்கள் அந்த முதல் வரிக்குக் கீழே, "உங்கள் அக்கறைக்கு மிக்க நன்றி" என்று ஒன்று போயிருக்கிறது பாருங்கள், அதை மட்டும் நான் எழுதியதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.